பிள்ளைப்போர்வையும் புதுச்சேரித் துணியும்

'கந்தை' என்னும் சொல் தமிழில் அடைந்த கதியை எண்ணினால் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது. வடமொழியில் 'கந்தா' என்பது துண்டுகளை ஒட்டித் தைத்த ஆடை, துறவியர் போர்த்திக்கொண்டது. அந்தச் சொல் வங்காளத்தில் 'காந்தா' ஆனது. பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, நெருக்கமாக நூலோட்டித் தைத்த மெல்லிய போர்வைக்கு அங்கே அதுதான் பெயர். விருந்தினருக்கு விரிப்பதற்கும் மணமகளுக்குக் கொடுத்தனுப்புவதற்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கென்றும் அதைத் தைத்தார்கள். பீகாரில் முசாபர்பூர்ப் பக்கத்துப் பெண்கள் இதே வகையில் செய்வதைச் 'சுஜனி' என்கிறார்கள். பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்கென்றே தோன்றிய தையல் என்பது அவர்கள் மரபு. 2006ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தமிழில் மட்டும் கந்தை கந்தையாகவே நின்றுவிட்டது. ஏழ்மையைச் சொல்லவும், 'கசக்கிக் கட்டு' என்று அறிவுரை கூறவுமே நாம் அதை எடுக்கிறோம்.

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரியில் மார்கழி, தை மாதத்துப் பின்னிரவுகளைத் தவிர்த்தால் போர்வை தேவைப்படும் நாள்கள் மிகச் சில. இந்தக் கடற்கரையில் பிள்ளை வியர்க்குமேயன்றி நடுங்காது. ஆகவே நம் பெண்கள் துணியைத் தைக்காமல் தொங்கவிட்டார்கள். உத்திரத்தில் கட்டிய பழம்புடவை ஏணையாயிற்று. தூளி என்றும் சொல்வோம். அதற்கு ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம். பிள்ளை வளர்ந்ததும் முடிச்சை அவிழ்த்தால் மறுபடியும் புடவை. அதைப் பற்றி எழுதவோ அருங்காட்சியகத்தில் வைக்கவோ எதுவும் எஞ்சுவதில்லை.

ஆனால் துணியைப் பொறுத்தவரை நமக்கும் ஒரு முறைமை இருந்தது. பிறந்த பிள்ளையின் உடம்பில் முதலில் படுவது பழந்துணியாக இருக்க வேண்டும் என்பார்கள். பலமுறை துவைத்துக் கஞ்சி போன பருத்திதான் பச்சை உடம்புக்கு உறுத்தாது என்பது நடைமுறைக் காரணம். நீண்ட நாள் வாழ்ந்தவர் உடுத்திய துணி ஆயுளைத் தரும் என்பது நம்பிக்கை. முன்பிறந்தவை தங்காத வீடுகளில் பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பு என்றும் பெயர் வைத்ததை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். இது ஒன்றுக்கும் உதவாதது, கண்ணில் படாமல் கடந்து போ என்று எமனை ஏய்க்கும் பெயர்கள் அவை. புத்தாடை செய்தால் எமனுக்கு நாமே அடையாளம் காட்டியது போலாகும். பேறுகாலத்துக்கு முன் பிள்ளைக்கென்று எதையும் வாங்கக் கூடாது என்று சொல்லும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. பிறந்த பிள்ளைகளில் பலவற்றைப் புதைத்துவிட்டுச் சிலவற்றை வளர்த்தவர்களின் அச்சம் அது.

இந்தப் பழந்துணி எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்து கொஞ்சம். மீதி வண்ணார் வீட்டிலிருந்து. பிள்ளைப்பேற்றுத் தீட்டிலும் மாதவிலக்கிலும் உடுத்தவும் விரிக்கவும் வெளுத்த துணியைக் கொண்டுவந்து கொடுத்து, தீட்டுப்பட்டதை எடுத்துச் சென்றவள் வண்ணாரப் பெண். அந்தத் துணிக்கு 'மாற்று' என்று பெயர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பிறந்த பெரும்பாலான பிள்ளைகளின் முதல் விரிப்பு மருத்துவச்சியின் கையாலோ இந்த மாற்றாலோ அமைந்தது. பிள்ளைக்கு இதம் தந்த துணியைத் துவைத்தவள் வாசலுக்கு வெளியே நின்றாள். நெல்லோ பழஞ்சோறோ கூலியாகப் பெற்றாள். நம் நாட்டில் பழந்துணி எப்போதும் மேலிருந்து கீழேதான் போகும். தீட்டுத்துணியும் கீழேதான் போகும். பழந்துணியால் ஒரு பரிசு செய்வது என்ற எண்ணம் இங்கே வேர்விடாமல் போனதற்குத் தட்பவெப்பத்தைவிட இதுவே பெரிய காரணமாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

இதே கரையில் புதுத்துணியின் கதை வேறு. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் பண்டகசாலையை நிலைநிறுத்தியபோது அவரை இங்கே இருத்தியது துணிதான். நெசவாளரையும் வணிகரையும் அழைத்துக் குடியமர்த்தாமல் இந்த ஊர் ஊராகியிருக்காது. முத்தியால்பேட்டையில் தறியோசை மிக அண்மைக்காலம்வரை கேட்டது. ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், அங்கு கண்ட செங்கல் தொட்டிகளைச் சாயத்தொட்டிகளாக இருக்கலாம் என்று கருதினார் என்பதையும் நினைவில் கொள்ளலாம். அது மெய்யானால், பிரெஞ்சுக்காரர்கள் வந்து இறங்கியது ஏற்கெனவே துணி மணம் வீசிய மண்ணில்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. 1736இல் தொடங்கி 1761 வரை நீளும் அந்தப் பதிவில் போரும் சூழ்ச்சியும் எவ்வளவு உண்டோ அவ்வளவு துணியும் உண்டு. கும்பினி வணிகர் செய்துகொண்ட ஒப்பந்தங்கள், முன்பணம், சரக்கு வந்து சேர்வது, வெளுப்பு, தரம்பிரிப்பு, கப்பலேற்றுவது எல்லாம் வருகின்றன. மரியாதை செய்வதென்றாலும் துணிதான். சகலாத்து போர்த்துவது அக்காலப் பெருமை. துபாஷி என்ற முறையில் பிள்ளை பார்த்த இடத்திலிருந்து பார்த்தால் துணி என்பது கட்டு, எண்ணிக்கை, விலை. அதை நூற்ற பெண்ணின் வீட்டில் அன்று பிள்ளை எதன்மேல் கிடந்தது என்று அவர் எழுதியிருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமில்லை. இருந்தாலும் வாசிக்கும்போது அந்தக் கேள்வி எழாமலும் இருப்பதில்லை.

அப்போது கப்பலேறியவற்றில் இரண்டு வகை என் கவனத்தை ஈர்க்கின்றன. ஒன்று நீலத்துணி. அவுரிச் சாயத்தில் தோய்த்த இந்த முரட்டுத்துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'கினே'. ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றங்கரைச் சந்தைகளில் அது ஏறக்குறைய நாணயமாகவே செல்லுபடியானது. அதைக் கொடுத்து வேலம்பிசின் வாங்கினார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவின் அச்சுத்துணிப் பட்டறைகளில் சாயத்தைக் கெட்டிப்படுத்தப் பயன்பட்டது. அந்தப் பட்டறைகளோ சோழமண்டலக் கரையின் சீட்டித்துணியைப் பார்த்து அச்சடித்துக்கொண்டிருந்தவை. புதுச்சேரி நீலம் வாங்கிய பிசினால் புதுச்சேரிச் சீட்டியின் நகல் உருவானது என்றால் மிகையில்லை.

மற்றொன்று அந்தச் சீட்டி. வண்ணம் தீட்டிய பருத்தித்துணி. அதில் கட்டில் விரிப்பாகச் செய்த பெருந்துணிகளில் ஒரு மரம் எழுந்து கிளைபரப்பிப் பூத்து நிற்கும். ஐரோப்பாவில் பலர் அதற்கு உள்துணி வைத்துத் தைத்துப் போர்வையாக்கிக்கொண்டார்கள். பிரான்சில் இத்துணிமேல் பிறந்த மோகம் உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளரை நடுங்கச் செய்ததால் 1686இல் அரசு தடைவிதித்தது. 1759 வரை நீடித்தது அந்தத் தடை. தடை இருந்த காலத்திலேயே அதன் செய்முறையை அறிந்துகொள்ளும் ஆவலும் முற்றியிருந்தது. 1734ஆம் ஆண்டளவில் பெயோலியே என்ற கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு சாயக்காரரின் அருகிலிருந்து வேலையைக் கண்ணால் கண்டு எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து ஒட்டிவைத்தார். பதினொரு துண்டுகள். இன்றும் பாரிஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் அந்தக் கைப்பிரதி இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து, 1742இல், கேர்து என்ற ஏசுசபைப் பாதிரியார் தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டறிந்து நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து எழுதியவர் என்று மொழியியல் மாணவர்கள் அறிந்த அதே கேர்துதான்.

அவர்கள் பதிவுசெய்த முறை ஏறக்குறைய இது. வெள்ளைத் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். ஊசியால் துளையிட்ட தாளின்மேல் கரித்தூளைத் தட்டிப் படத்தின் கோட்டை இறக்குவார்கள். கருப்புக்கு இரும்பு ஊறிய புளித்தநீர், சிவப்புக்குப் படிகாரநீர். இவற்றை மூங்கில் கலத்தால் தீட்டியபின் இம்பூறல் வேரில், அதாவது சாயவேரில், கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்து நிறத்தைச் சாணநீரில் ஊறவைத்தும் வெயிலில் விரித்து நீர் தெளித்தும் போக்குவார்கள். நீலம் வேண்டிய இடம் நீங்கலாக மற்றதை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். வாரக்கணக்கில் நடக்கும் வேலை. ஒரு துணி எத்தனை முறை வெளுக்கப்படுகிறது என்று பாருங்கள். சாயக்காரருக்கு இணையாக வெளுப்பவரின் கையும் அதில் இருக்கிறது. மாற்றுத்துணியை வெளுத்ததும் சீட்டியை வெளுத்ததும் ஒரே வெயில்தான். பெயோலியே சாயக்காரரின் பெயரை எழுதிவைக்கவில்லை. வெளுத்தவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

*

இனி மர்செய் துறைமுகத்துக்குப் போவோம். தென் பிரான்சின் அந்த ஊருக்குக் கிழக்கிலிருந்து பருத்தித்துணி வந்து இறங்கியது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அங்கே இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்து, இடையில் பஞ்சுத்திரியைச் செலுத்திப் புடைப்பாகப் பூவும் கொடியும் எழுப்பும் வேலை பெரும் தொழிலாக வளர்ந்தது. வெள்ளைமேல் வெள்ளை, வண்ணமே இல்லை. ஒளி சாய்ந்து விழும்போதுதான் உருவம் தெரியும். 'பூத்தி' என்று இன்று அதைச் சொல்கிறார்கள். அந்தப் புரோவான்சு வட்டாரத்தில் பிறந்த பிள்ளைக்கென்று செய்த ஒரு சிறு சதுரம் உண்டு. 'பெத்தாசூன்' என்று பெயர். பிள்ளையைப் பார்க்க வருபவர் மடியில் அதை விரித்து அதன்மேல் குழந்தையைக் கொடுப்பார்கள். பிள்ளை ஈரம் செய்தால் விருந்தாளியின் பாவாடை நனையாது. காரியம் இவ்வளவுதான். ஆனால் அதில் இதயமும் மாதுளையும் பெயரின் முதலெழுத்தும் தைத்துப் பரிசாகத் தந்தார்கள். பேத்திகளுக்கு வைத்துக்கொடுத்தார்கள். இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

எந்தத் துண்டு எந்தத் தறியில் பிறந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மர்செய்க்கு லெவாந்துப் பருத்தியும் வந்தது, நம்முடையதும் போனது. ஆயினும் இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. அங்கும் மடியில் ஒரு துணி, இங்கும் தரையில் ஒரு துணி, வேலை ஒன்றே. அங்கே ஈரத்தை ஏந்திய துணி குடும்பச் சொத்தாயிற்று. இங்கே ஈரத்தை ஏந்தியது தீட்டாயிற்று.

ஊசி புதுச்சேரிக்கு வந்தது பிற்பாடு. குளுனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1827இல் இங்கே வந்தனர். அன்னை ஜவுகே 1807இல் நிறுவிய சபை அது. ரொமேன் ரோலன் தெருவில் பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் அவர்களது பூத்தையல் கூடம் இருக்கிறது. வறிய குடும்பத்துப் பெண்கள் உயர்ந்த கூரைக்குக் கீழே வரிசையாக அமர்ந்து மேசைவிரிப்பிலும் தலையணை உறையிலும் பிரெஞ்சுத் தையல் தைப்பதை அங்கே காணலாம். நுண்மையில் அந்த வேலைக்கு நிகரில்லை. அவர்கள் தைப்பது பெரும்பாலும் பிறர் வீட்டுக்கு. கைத்திறனும் கூலியும் அவர்களுக்கு உண்டு. அந்தத் துணி அவர்கள் மடியில் இருப்பது தைக்கும் நேரம்வரைதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கூலி கிடைக்காத காலத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றமே. 1898இல் தோன்றிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையிலும் மற்ற பஞ்சாலைகளிலும் கூலிக்காகவும் வேலைநேரத்துக்காகவும் போராடித்தான் எதையும் பெற வேண்டியிருந்தது. 1936 சூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர் இறந்தபின், மறு ஆண்டில்தான் எட்டுமணி நேர வேலை சட்டமானது. அந்த ஆலையும் 2020இல் மூடப்பட்டது.

*

சென்ற ஆண்டு, துறையில் எனக்கு இளையவளான தோழி ஒருத்திக்குப் பெண்குழந்தை பிறந்தது. செயற்கை இழையில் செய்த, கரடிப்படம் போட்ட போர்வையை வாங்கிக்கொண்டு போக மனம் ஒப்பவில்லை. கடைகளில் தொங்கும் ஜெய்ப்பூர் ரஜாய் அழகுதான். புதுச்சேரிச் சித்திரையில் அதைப் பிள்ளைக்குப் போர்த்துவது தண்டனை. எங்கள் தெருவில் வங்காள மூதாட்டி ஒருவர் இருக்கிறார். அரவிந்தர் 1910இல் இங்கு வந்ததிலிருந்தே வங்காளிகளுக்கு இது அயலூர் இல்லை. அதற்கும் முன்பு சந்திரநாகூரும் புதுச்சேரியும் ஒரே பிரெஞ்சு ஆட்சியின் இரு கைகள். துய்ப்ளேக்ஸ் அங்கே பத்தாண்டு இருந்துவிட்டுத்தான் 1742இல் இங்கு ஆளுநராக வந்தார். ஆனால் இரு ஊர்களுக்குமிடையே அதிகாரிகளும் சரக்கும் போய்வந்த அளவுக்குத் தையல் போய்வந்ததாகத் தெரியவில்லை. அந்த மூதாட்டியிடம்தான் காந்தாத் தையலைக் கற்றேன்.

கற்பதற்கு அதில் அதிகம் இல்லை; பொறுமை ஒன்றுதான். பழந்துணிகளைப் பூந்திக்கொட்டையில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் இழையோட்டம் கோணாது. மூன்று அடுக்கை ஒன்றன்மேல் ஒன்று பரப்பி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீளத் தையல் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் திரண்டுவிடும். அதன்பின் நூலோட்டம்தான்; அரிசிமணி அளவுக்கு ஒரு குத்து, அதே அளவு இடைவெளி. பழைய புடவையின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பது அவர்கள் வழக்கம். பொத்தான், மணி, கண்ணாடி எதுவும் பிள்ளைத்துணியில் கூடாது. தூங்கும் கைக்குழந்தைமேல் தளர்வாக எதையும் போர்த்தக் கூடாது என்பது இன்றைய மருத்துவர் கருத்து. ஆகவே விழித்திருக்கையில் கிடத்துவதற்கும் மடியில் விரிப்பதற்கும் ஏற்றவாறு மூன்றடிச் சதுரமாக வைத்துக்கொண்டேன். பெத்தாசூனின் வேலை, மாற்றின் வேலையுமே.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் தயங்கினேன். என் தந்தையின் வேட்டி இருந்தது. ஆலைக்கடையில் எப்போதோ வாங்கிய படுக்கைவிரிப்பு ஒன்று இழைத்து இழைத்துப் பட்டுப்போல் ஆகியிருந்தது. ஆனால் தோழியின் பாட்டி விழுப்புரம் பக்கத்தில் ஊருக்கு மாற்றுக் கொடுத்து வாங்கியவர். அதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு என் வீட்டுப் பழந்துணியைக் கொடுப்பது எதைப் போல இருக்கும்? கேட்காமல் செய்வது முறையில்லை என்று நேரிலேயே கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்தாள். "பழசு வேணாம்னு சொல்லமாட்டேன் அக்கா. எங்க வீட்டுப் பழசும் அதுல இருக்கணும். ரெண்டும் ஒரே அடுக்குல இருக்கணும், மேல கீழ வேணாம்" என்றாள். மறுநாள் பாட்டியின் புடவை ஒன்றை உறையிலிட்டுக் கொண்டுவந்தாள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. அவள் சொன்னபடி இரு வீட்டுத் துணிகளையும் சதுரம் சதுரமாக மாற்றி மாற்றி ஒட்டி மேலடுக்கையும் அடியடுக்கையும் அமைத்தேன். நடுவில் ஆலைவிரிப்பு. ஏழு வாரம் ஆயிற்று.

நன்னூலில் பவணந்தியார், நூல் என்று ஏன் பெயர் வந்தது என்பதை விளக்குமிடத்தில் புலவனை நூல் நூற்கும் பெண்ணாக உருவகிக்கிறார். சொல் பஞ்சு, வாய் கை, அறிவு கதிர். வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். உருவகத்தில் வந்த அந்தப் பெண்ணை நாம் ஒருபோதும் திரும்பிப் பார்த்ததில்லை; புலவனைப் புரியவைத்ததும் அவள் வேலை முடிந்துவிடுகிறது. வங்காளத்தில் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட கதைப்பாடலில், நாயகி தன் வாழ்வை ஒரு காந்தாவில் தைத்து, அதைத் தன் கல்லறைமேல் விரிக்கச் செய்கிறாள். அது கற்பனை. கொல்கத்தா அருகே ஜோகாவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் மெய்யான காந்தா ஒன்று இருக்கிறது. தந்தைக்கென்று ஒரு பெண் தைத்தது. தன் கையால் செய்தேன் என்று பெயரையும் அதிலேயே தைத்திருக்கிறாள். மானதாசுந்தரி தாசி என்ற அந்தப் பெயர் நமக்குத் தெரிவது அதனால் மட்டுமே.

போர்வையை முடிக்கும் தறுவாயில் மூலையில் பிள்ளையின் முதலெழுத்தைத் தைக்கலாமா என்று தோழியிடம் கேட்டேன். பெயர் இன்னும் முடிவாகவில்லை. மாமியார் ஒன்று சொல்கிறார், கணவர் ஒன்று சொல்கிறார் என்று சிரித்தாள். பிறகு பாட்டியின் பெயரைத் தைக்கச் சொன்னாள். நான்கெழுத்துப் பெயர். புடவையின் அரக்குக் கரையிலிருந்து உருவிய நூல் சரியாகப் போதுமானதாக இருந்தது.